இருபத்திரண்டு கையெழுத்து

பிப்ரவரி 26, திங்கள்

ரத்த அழுத்தம் குறைய மாத்திரை மட்டும் போதாது, மனதில் ஓடுவதைத் தினமும் எழுதிப் பாருங்கள் என்று டாக்டர் சொல்லி மூன்று வாரமாகிறது. இன்றுதான் நோட்டு வாங்கினேன். வேறு யாரோ படிக்கப் போவதுபோல் விவரமாக எழுத வேண்டுமாம். சரி.

என் பெயர் கோகிலவாணி. வயது நாற்பத்து மூன்று. ஈரோட்டுக்கு வெளியே ஒரு சாயத் தொழிற்சாலையில் மனிதவளப் பிரிவின் துணை மேலாளர். நிரந்தரத் தொழிலாளர்கள் இருநூற்று அறுபது பேர், ஒப்பந்த ஆட்கள் எழுபது சொச்சம். யாருக்கு என்ன பயிற்சி, எப்போது, என்ன செலவு என்று வருடா வருடம் திட்டம் போடுவது என் பொறுப்பு.

இன்று எம்.டி. கந்தவேல் சாரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. அடுத்த நிதியாண்டின் பயிற்சி பட்ஜெட் மார்ச் பதினொன்றுக்குள் வேண்டும். கடைசியில் ஒரு வரி: "பார்த்துப் போடுங்க." பார்த்துப் போடுங்கள் என்றால் குறைத்துப் போடுங்கள் என்று அர்த்தம். பதினோரு வருடத்தில் இதுகூடவா புரியாது.

போன வருடத்துப் பட்டியலைத் திறந்தேன். மொத்தம் இருபத்தொரு வரி. பதினான்காவது வரி வந்தபோது காபி குடிக்க எழுந்து போனேன். திரும்பி வந்து பதினைந்திலிருந்து தொடர்ந்தேன்.

மகள் மதிவதனிக்கு வெள்ளிக்கிழமை பிளஸ் டூ பரீட்சை தொடங்குகிறது. ஹால் டிக்கெட்டுக்கு பிளாஸ்டிக் உறை வாங்க வேண்டும்.

பிப்ரவரி 28, புதன்

துறைத் தலைவர்கள் தங்களுக்கு வேண்டியதை எழுதிக் கொடுத்தார்கள். ஆய்வகத்துக்கு நிறம் பொருத்தும் மென்பொருள் பயிற்சி. விற்பனைக்கு ஆங்கிலப் பேச்சு. ஜி.எம். சுதாகர் சார் மேலாளர்களுக்கான தலைமைப் பண்பு முகாமைக் கேட்டிருக்கிறார். போன வருடம் ஏற்காடு, இந்த வருடம் மூணாறு.

கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து மட்டும் படிவம் வரவில்லை. நேரில் போனேன். சாயத் தண்ணீர் எல்லாம் வந்து விழும் பெரிய சேகரிப்புத் தொட்டி அங்கேதான் இருக்கிறது. பக்கத்தில் போனாலே அழுகிய முட்டை நாற்றம். மாரப்பன் பம்ப் ஓடும் சத்தத்துக்கு நடுவே பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்தார். காலை ஷிப்டுக்கு அவர்தான் பொறுப்பு. ஒன்பது வருடமாக இருக்கிறார். அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர்.

"ஏனுங் மேடம், அந்தத் தொட்டிப் பயிற்சி எப்பங்க?" என்று கேட்டார்.

"வரும் மாரப்பன். இந்த வருஷத் திட்டத்துல இருக்குது."

"போன தீவாளிக்கு முந்தி கையெழுத்து வாங்குனீங்கல்லங்க. கூப்புடுவீங்க கூப்புடுவீங்கன்னு பாத்துட்டே இருக்கறனுங்க."

எந்தக் கையெழுத்தைச் சொல்கிறார் என்று தெரியவில்லை. வருடத்துக்கு எத்தனையோ தாளில் கையெழுத்து வாங்குகிறோம். படிவத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மார்ச் 1, வெள்ளி

தமிழ்த் தேர்வு சுலபம் என்றாள். தயிர்சாதம் மட்டும்தான் கேட்டாள்.

மார்ச் 4, திங்கள்

தொட்டிப் பயிற்சிக்குக் கோயம்புத்தூர் நிறுவனம் ஒன்றிடம் விலை கேட்டேன். நேரில் வந்து இரண்டு நாள் நடத்துவார்களாம். விஷவாயு அளக்கும் மீட்டர், கயிறு, இடுப்புப் பட்டை எல்லாம் அவர்களே கொண்டுவந்து, ஆளை இறக்கித் தூக்கிக் காட்டுவார்களாம். ஒன்றரை லட்சத்துக்குள் முடியும். பாடத்திட்டத்தை அனுப்பினார்கள். நான்கு முறை படித்தேன்.

போனில் பேசிய பெண், "எத்தனை பேருங்க மேடம்?" என்றாள்.

"இருபத்திரண்டு."

"ஒப்பந்த ஆட்களும் சேர்த்துங்களா? தொட்டிக்குள்ள பெரும்பாலும் அவங்களத்தான் இறக்கறாங்க. அதனால கேட்டேன்."

ஒப்பந்த ஆட்கள் எங்கள் கணக்கில் வர மாட்டார்கள், ஒப்பந்தக்காரர் பார்த்துக்கொள்வார் என்றேன். அவள் "சரிங்க மேடம்" என்று சொல்வதற்கு முன் ஒரு நொடி பேசாமல் இருந்ததுபோல் தோன்றியது. இந்த மாதிரி சின்ன விஷயத்தையெல்லாம் பிடித்துக்கொண்டு யோசிப்பதுதான் என் வியாதி.

பதினான்காவது வரியில் இந்தத் தொகையைப் போட்டேன். கை லேசானதுபோல் இருந்தது. இந்த வருடம் நடந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்.

மார்ச் 8, வெள்ளி

சுதாகர் சாருடன் பட்ஜெட் கூட்டம். பதினெட்டு லட்சத்தைப் பன்னிரண்டாக்க வேண்டும் என்று முடிவாகிவிட்டது. நூல் விலை, கரண்ட் கட்டணம், ஆர்டர் குறைவு என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். ஆங்கிலப் பேச்சு போனது. மென்பொருள் பாதியானது. மூணாறு இருந்தது.

பதினான்காவது வரியில் பேனாவை வைத்தார்.

"இது எதுக்குங்க கோகிலா? போன வருஷம்தான் பண்ணியாச்சே. நவம்பர்ல. ஃபைல்ல இருக்குது."

நான் தண்ணீர் குடித்தேன்.

"வருஷா வருஷம் பண்றது நல்லதுங்க சார்."

"சட்டத்துல அப்படி இருக்குதா?"

"திரும்பத் திரும்பப் பண்ணணும்னு இருக்குதுங்க சார்."

"திரும்பத் திரும்பன்னா அடுத்த வருஷமும் திரும்பத்தான்." சிரித்துக்கொண்டே கோடு இழுத்தார். சிரிக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

அப்போதே சொல்லியிருக்கலாம். என்னவென்று சொல்வது?

மார்ச் 9, சனி

அரைநாள் அலுவலகம். வந்து மாவு அரைத்தேன். மதிவதனி மாடியில் இயற்பியலை மனப்பாடம் செய்யும் சத்தம் கீழே கேட்டது.

நவம்பரில் என்ன நடந்தது என்பதை ஒரு முறை எழுதிவிடுகிறேன். துணி வாங்கும் வெளிநாட்டு நிறுவனத்திலிருந்து தணிக்கைக்கு ஆள் வருவதாகப் பத்து நாள் முன்பு தகவல் வந்தது. பாதுகாப்புப் பயிற்சிக்கான ஆவணங்கள் கேட்கப்படும் என்று தெரிந்தது. தொட்டிப் பயிற்சிக்கு ஒதுக்கிய பணம் ஏற்காடு முகாமுக்கு மாற்றப்பட்டிருந்தது. ஆகவே வருகைப் பதிவேடு ஒன்று தயார் செய்யப்பட்டது. தணிக்கை முடிந்ததும் பயிற்சி நடத்தப்படும் என்றுதான் பேசப்பட்டது. நடத்தப்படவில்லை. டிசம்பரில் வேலை அதிகம். ஜனவரியில் பொங்கல்.

இவ்வளவுதான். எல்லாக் கம்பெனியிலும் உள்ளதுதான்.

மார்ச் 11, திங்கள்

பட்ஜெட்டை அனுப்பிவிட்டேன். பதினோரு லட்சத்துத் தொண்ணூறாயிரம்.

மார்ச் 14, வியாழன்

எம்.டி. ஒப்புதல் கொடுத்துவிட்டார். "சிக்கனமான, தெளிவான திட்டம். பாராட்டுகள்." எல்லாத் துறைத் தலைவர்களுக்கும் நகல். இதுவரை என் எந்த பட்ஜெட்டையும் அவர் பாராட்டியதில்லை.

இரண்டு நாளாக நாக்கு வறண்டுபோகிறது. கணவர் ஜெகதீசன் சர்க்கரை பார்க்கச் சொல்கிறார்.

மார்ச் 19, செவ்வாய்

காலை பத்தே காலுக்கு ஆபத்துச் சங்கு ஊதியது.

சேகரிப்புத் தொட்டியில் பம்ப் அடைத்துக்கொண்டிருக்கிறது. அடைப்பு எடுக்க மாரப்பன் ஒப்பந்தத் தொழிலாளி பிகாஷை இறக்கியிருக்கிறார். ஒடிசாக்காரன், இருபத்து நான்கு வயது. ஏணியில் பாதி இறங்கியவன் பேச்சில்லாமல் விழுந்திருக்கிறான். அவனைத் தூக்க மாரப்பன் இறங்கியிருக்கிறார். அவரும் விழுந்துவிட்டார். அடுத்து இறங்கப்போன, அதே நிலையத்து ஊழியர் துளசிமணியை மூன்று பேர் இடுப்பைப் பிடித்து நிறுத்தினார்களாம். தீயணைப்பு வண்டி வர இருபது நிமிடம்.

நான் போனபோது இரண்டு பேரையும் சிமெண்டுத் தரையில் கிடத்தியிருந்தார்கள். இரண்டு பேர் உடம்பிலும் ஒரே நீலச் சாயம்.

மார்ச் 20, புதன்

பிகாஷ் காலை ஆறரைக்கு இறந்துவிட்டான். மாரப்பன் தீவிர சிகிச்சையில் இருக்கிறார்.

மதிவதனிக்கு நாளை மறுநாள் கடைசித் தேர்வு. அவளிடம் சொல்லவில்லை.

மார்ச் 21, வியாழன்

தொழிற்சாலை ஆய்வாளர் வந்தார். என் வயதுள்ள பெண்மணி. சத்தம் போடவில்லை, கேட்பதை மட்டும் கேட்டு எழுதிக்கொண்டார். தொட்டியைப் பார்த்துவிட்டு அலுவலகத்துக்கு வந்ததும், "இங்க வேலை செய்யறவங்களுக்குப் பயிற்சி குடுத்திருக்கீங்களா?" என்றார்.

சுதாகர் சார் என் பக்கம் திரும்பினார். "கோகிலா, அந்த நவம்பர் ஃபைல எடுங்க."

எழுந்து போய் எடுத்து வந்து கொடுத்தேன். இரண்டாவது அலமாரி, பச்சைக் கோப்பு. என்ன செய்கிறேன் என்று யோசிக்கவில்லை. பதினோரு வருடமாக அவர் கேட்பதும் நான் எடுப்பதுமாகவே இருக்கிறது.

ஆய்வாளர் பெயர்களை விரல் வைத்துப் படித்தார். "மாரப்பன் இதுல இருக்காரு. இறந்துபோன பையன் இல்லை."

"அவன் காண்ட்ராக்ட்டுங்க மேடம்," என்றார் சுதாகர் சார்.

மார்ச் 22, வெள்ளி

மதிவதனிக்குத் தேர்வு முடிந்தது. தோழிகளோடு ஹோட்டலுக்குப் போய்விட்டு வந்து மடியில் தலைவைத்துப் படுத்துக்கொண்டாள். "உனக்கு என்னம்மா ஆச்சு, கை சில்லுன்னு இருக்கு?" என்றாள்.

மார்ச் 25, திங்கள்

போலீஸ் வழக்குப் போட்டிருக்கிறது. கவனக்குறைவால் மரணம் விளைவித்ததாக. மாரப்பன் மேல்.

கம்பெனி கொடுத்த விளக்கத்தை சுதாகர் சார் எனக்கும் அனுப்பியிருந்தார். "மேற்படி ஊழியர் முறையான பயிற்சி பெற்றவர். பயிற்சியில் கற்பித்த விதிகளை மீறி, ஒப்பந்தத் தொழிலாளியைத் தன்னிச்சையாகத் தொட்டிக்குள் இறக்கியுள்ளார். ஆதாரம்: இணைப்பு 3." இணைப்பு 3 அந்த வருகைப் பதிவேடு.

மூன்றாவது பெயர் மாரப்பன். கையெழுத்து கொஞ்சம் சரிவாக, கடைசி எழுத்து கட்டத்துக்கு வெளியே நீண்டிருக்கும். பார்க்காமலே தெரிகிறது.

மார்ச் 27, புதன்

ஆஸ்பத்திரிக்குப் போனேன். கம்பெனி சார்பில் பழக்கூடையோடு போகச் சொன்னார்கள். நான் கூடையில்லாமல் போனேன்.

மாரப்பனைச் சாதாரண வார்டுக்கு மாற்றியிருந்தார்கள். வலது கை நடுங்கிக்கொண்டே இருக்கிறது. பேச்சு வருகிறது, ஆனால் ஒவ்வொரு வார்த்தையையும் தேடி எடுக்கிறார். அவர் மனைவி கலாமணி ஸ்டூலை எனக்குக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டாள்.

"போலீஸ்காரர் வந்தாருங்க," என்றார் மாரப்பன். "நான் பயிற்சி எடுத்தவன்னு சொல்றாருங்க. தாள் இருக்குதாமுங்க."

நான் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டேன்.

"எனக்கு அது ஞாபகமே இல்லீங் மேடம். எங்கூட்டுக்காரி பேரு ஞாபகமிருக்குது, கொழந்தைக பேரு ஞாபகமிருக்குது. அது மட்டும் வர மாட்டீங்குது. டாக்டரு, மூளைக்குக் காத்துப் போவாம இருந்ததால சிலது மறந்து போயிருக்கும்னாருங்க." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "நீங்கதான நடத்துனதா எழுதியிருக்குதாமா. என்னங்க சொல்லிக்குடுத்தீங்க? ஒண்ணு ரெண்டு சொன்னீங்கன்னா ஞாபகம் வந்துருமுங்க."

கலாமணி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மொதல்ல ரெஸ்ட் எடுங்க மாரப்பன். அப்பறம் பேசலாம்," என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

லிப்ட் வரும்வரை நிற்க முடியவில்லை. நான்கு மாடியும் படியில் இறங்கினேன்.

மார்ச் 28, வியாழன்

ஒன்பதாம் தேதி எழுதியதைப் படித்துப் பார்த்தேன். திருப்பி எழுதுகிறேன்.

நான்தான் பதிவேடு தயார் செய்தேன். என் கணினியில் தட்டச்சு செய்தேன். நவம்பர் ஏழாம் தேதி, சம்பளச் சீட்டு கொடுக்கும் மேசையில் வைத்து, "இதுலயும் ஒண்ணு போடுங்க" என்று சொல்லி இருபத்திரண்டு பேரிடமும் கையெழுத்து வாங்கினேன். மாரப்பன் மட்டும்தான் "இது என்னதுங்க?" என்று கேட்டார். "தொட்டிப் பயிற்சிக்கு" என்றேன். பொய் சொல்லவில்லை என்று அன்றைக்கு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயிற்றுநர் என்ற இடத்தில் யார் பெயரைப் போடுவது என்று தெரியவில்லை. என் பெயரைப் போட்டுக் கையெழுத்திட்டேன். சுதாகர் சார் செய்யச் சொன்னார் என்பது உண்மை. அவர் சொன்ன அன்றைக்கே முடித்துக் கொடுத்தேன் என்பதும் உண்மை. வேகமாக முடித்ததற்கு "சூப்பர்" என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

பட்ஜெட்டில் அந்த வரியை வெட்டியபோது எதிர்த்துப் பேச முடியாமல் போனதற்குக் காரணம் அந்தத் தாள்தான். அதைச் செய்தது நான்.

ஜெகதீசனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். பிறகு, "நீ இப்பப் போய்ச் சொன்னா அந்தப் பையன் எந்திரிச்சு வந்துருவானா? மதி காலேஜ் சேரற வருஷம் இது. உன்னையும் சேத்து உள்ள வெப்பாங்க," என்றார். அவர் சொல்வதில் தப்பு ஒன்றுமில்லை.

மார்ச் 30, சனி

எம்.டி.யிடம் நேரம் கேட்டுப் போனேன். உட்காரச் சொன்னார். அந்தப் பயிற்சி நடக்கவே இல்லை, பதிவேடு பொய், மாரப்பனுக்கு ஒன்றும் தெரியாது என்று மூன்று வாக்கியத்தில் சொன்னேன். ஒத்திகை பார்த்துத்தான் போயிருந்தேன்.

அவர் கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கோகிலா மேடம், நீங்க இப்பச் சொன்னது என் காதுல விழலீங்க."

"சார்..."

"இது எனக்குத் தெரியாதுன்னு நாளைக்கு நான் சொல்லோணும்னா, இன்னைக்கு எனக்குத் தெரியக் கூடாது. புரியுதுங்களா? முந்நூறு குடும்பம் இதுல சாப்புடுது. ஆர்டர் போச்சுன்னா மாரப்பன் குடும்பமும் சேந்துதான் பட்டினி. அவருக்கு நல்ல வக்கீலா நாமளே வெச்சுக் குடுத்தரலாம். ஆஸ்பத்திரிச் செலவு பூரா நம்முது." எழுந்து வாசல்வரை வந்தார். "பாப்பா பிளஸ் டூ முடிச்சிருச்சுங்களாமா? எந்தக் காலேஜ்னு சொல்லுங்க. அங்க நமக்கு ஆளிருக்குது."

வெளியே வந்து என் நாற்காலியில் உட்கார்ந்து, ஏப்ரல் மாதப் பயிற்சி அட்டவணையைத் திறந்துவைத்துக்கொண்டு சாயங்காலம்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கட்டம்கூட நிரப்பவில்லை.

ஏப்ரல் 1, திங்கள்

புதிய நிதியாண்டு. என் பட்ஜெட் இன்றுமுதல் நடைமுறைக்கு வருகிறது.

விடுப்பு சொல்லிவிட்டு ஆய்வாளர் அலுவலகத்துக்குப் போனேன். காலையில் புறப்படும்போது ஜெகதீசன் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு, "பஸ்ல போவாத, நானே கொண்டுவந்து விடறேன்," என்றார். அங்கே போய் இறங்கியதும், "முடியறவரைக்கும் இங்கயே நிக்கறேன்," என்றார்.

ஆய்வாளர் அந்தப் பதிவேட்டின் நகலை என் முன்னால் வைத்தார்.

"இது உங்க கையெழுத்துங்களா?"

"ஆமாங்க மேடம்."

"நீங்க எத்தனை பேருக்குப் பயிற்சி குடுத்தீங்க?"

"யாருக்கும் குடுக்கலீங்க."

அவர் பேனாவை எடுக்கவில்லை. "நீங்க சொல்றத எழுதிட்டேன்னா உங்க பேரும் வழக்குல வரலாம். தெரியுங்களா?"

"தெரியுங்க."

"யாராவது உங்கள இதைச் சொல்லச் சொன்னாங்களா?"

"இல்லீங்க. சொல்லாதீங்கன்னுதான் சொன்னாங்க."

பேனாவை எடுத்தார். ஒன்றே முக்கால் மணி நேரம் எழுதினார். சுதாகர் சார் நவம்பரில் அனுப்பிய மின்னஞ்சலை, "சீக்கிரம் ரெடி பண்ணுங்க" என்பதை, அச்செடுத்துக் கொடுத்தேன். ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து வாங்கினார். அவர் படிக்கச் சொன்னபடி முழுசாகப் படித்துவிட்டுத்தான் போட்டேன்.

ஏப்ரல் 2, செவ்வாய்

மாரப்பனிடம் போய்ச் சொன்னேன்.

"உங்களுக்கு எதுவும் மறக்கல மாரப்பன். அந்தப் பயிற்சி நடக்கவே இல்ல. சம்பளச் சீட்டோட சேத்து அந்தத் தாள்ல உங்ககிட்டக் கையெழுத்து வாங்குனேன். தப்பு என்னோடது. நேத்து ஆபீசர்கிட்ட எழுதிக் குடுத்துட்டேன்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். நடுங்கும் கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டார். "அப்ப என் மண்டைக்கு ஒண்ணும் ஆவலீங்களா?" என்றார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அதைப் பார்த்துக்கொண்டு அங்கே நிற்க முடியவில்லை.

கலாமணி வெளியே வராந்தாவரை வந்தாள். நன்றி சொல்லப் போகிறாள் என்று ஒரு கணம் நினைத்தேன். அப்படி நினைத்ததை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

"ஆறு நாளா அந்த மனுசன் தனக்குப் புத்தி கெட்டுப் போச்சுன்னு சொவுத்தப் பாத்து அழுதுட்டிருந்தாரு. புதங்கெழமை வந்து பக்கத்துலதான் உக்காந்திருந்தீங்க. அன்னிக்கே ஒரு வார்த்தை சொன்னா என்னங்க?" என்றாள். "இனி இங்க வராதீங்க."

ஏப்ரல் 4, வியாழன்

தற்காலிகப் பணிநீக்கம். பொய் ஆவணம் தயாரித்ததாக என் மேல் குற்றச்சாட்டு. சுதாகர் சார் கையெழுத்திட்டிருக்கிறார். குற்றச்சாட்டு உண்மைதான், ஆகவே பதில் எழுதுவது சுலபமாக இருந்தது.

ஏப்ரல் 23, செவ்வாய்

ஒடிசாவிலிருந்து பிகாஷின் அப்பா வந்திருப்பதாகத் துளசிமணி போனில் சொன்னார். பாஷை தெரியாமல் தொழிற்சாலை வாசலில் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தாராம். ஆய்வாளர் அலுவலகத்தில் சொல்லி இழப்பீட்டு மனு போட ஏற்பாடு செய்தேன். ஒரு மணி நேரம் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நான் யார் என்று அவரிடம் சொல்ல எனக்கு ஒடியாவோ ஹிந்தியோ தெரியவில்லை. தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேனா என்றும் தெரியவில்லை.

மே 6, திங்கள்

பிளஸ் டூவில் மதிவதனிக்கு 541 மதிப்பெண். அரசுக் கல்லூரியில் விண்ணப்பிக்கலாம் என்று அவளே சொன்னாள்.

மே 28, செவ்வாய்

வழக்கிலிருந்து மாரப்பன் பெயரை எடுத்துவிட்டார்கள். எம்.டி., சுதாகர் சார், ஒப்பந்தக்காரர் பெயர்கள் சேர்ந்திருக்கின்றன. நான்காவதாக என் பெயர். வக்கீல், நீங்களாகவே முன்வந்து சொன்னதால் நீதிமன்றம் பார்த்துச் செய்யும் என்கிறார். கம்பெனி என்னை நிரந்தரமாக நீக்கிவிட்டது. பவானியில் ஜெகதீசனின் உதிரிபாகக் கடையில் காலை நேரம் உட்காருகிறேன். கிளட்ச் கேபிளுக்கும் பிரேக் கேபிளுக்கும் இன்னும் வித்தியாசம் தெரியவில்லை.

தூக்கம் வருகிறது. மாத்திரையைக் குறைக்கவில்லை.

ஜூன் 13, வியாழன்

காலை பதினோரு மணிக்குக் கலாமணி கடைக்கு வந்தாள். விலாசத்தைத் துளசிமணி கொடுத்தாராம். வெயிலில் நடந்து வந்த முகம். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. பையிலிருந்து பிள்ளையின் பழைய பள்ளிக்கூட நோட்டு ஒன்றை எடுத்தாள்.

"நன்றி சொல்ல வரலீங்க," என்றாள்.

"தெரியுங்க."

"அவரு திங்கக்கெழமை வேலைக்குப் போறாரு. மீட்டரு பாத்து எழுதற வேலை மட்டுந்தானாமா. வேண்டாம்னா கேக்க மாட்டீங்கறாரு. பயிற்சி அடுத்த மாசம் வெக்கறோம்னு கம்பெனில சொல்றாங்க. போன வருசமும் அப்படித்தான சொன்னாங்க." நோட்டில் ஒரு வெற்றுப் பக்கத்தைப் பிரித்தாள். "அவரால இன்னும் சேந்தாப்புல படிக்க முடியறதில்லீங்க. நீங்க சொல்லுங்க, நான் எழுதிக்கறேன். ஊட்ல வெச்சு தெனமும் நான் சொல்லிக்குடுத்துக்கறேன்."

கோயம்புத்தூர் நிறுவனம் அனுப்பிய பாடத்திட்டம் கைப்பேசியில் இருந்தது. ஜெகதீசன் வாடிக்கையாளரைக் கடையின் அந்தப் பக்கமாக அழைத்துப் போனார். நான் தமிழில் மெதுவாகச் சொல்லச் சொல்ல, கலாமணி கவுண்டர்மேல் குனிந்து எழுதினாள்.

"மீட்டர விட்டு வாயு எவ்வளவு இருக்குதுன்னு அளக்காம யாரையும் உள்ள எறக்கக் கூடாது. நாத்தம் நின்னுபோச்சுன்னா வாயு போயிருச்சுன்னு நெனைக்கக் கூடாது. அதிகமானா மூக்குக்குத் தெரியாமப் போயிரும்."

"மூக்குக்குத்... தெரியாமப்... போயிரும்."

"எறங்கறவரு இடுப்புல பட்டை, பட்டையில கயிறு, மேல ரெண்டு பேரு. இது மூணும் இல்லாம மேலதிகாரி சொன்னாலும் எறங்க மாட்டேன்னு சொல்லலாம். சட்டத்துல அதுக்கு எடமிருக்குது."

அதை எழுதி அடியில் கோடு போட்டாள்.

"உள்ள ஒருத்தரு விழுந்துட்டா, காப்பாத்தறதுக்குன்னு இன்னொருத்தரு எறங்கக் கூடாது. கயித்தால இழுக்கோணும், இல்லீன்னா காத்து சிலிண்டர் போட்ட ஆளு வரணும். அதுவரைக்கும் யாரும் எறங்கக் கூடாது."

பேனா நின்றது. "கூடப் பொறந்தவனா இருந்தாலுங்களா?"

"இருந்தாலும்."

கலாமணி நோட்டைப் பார்த்தபடியே இருந்தாள். தெருவில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"இதப் படிச்சிருந்தாலும் அவரு எறங்கியிருப்பாருங்க," என்றாள். "கண்ணு முன்னால ஒருத்தன் விழுந்து கெடந்தா அவரால நிக்க முடியாது. அது எனக்குத் தெரியும்." புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "ஆனா முதல்ல சொன்னீங்கல்ல, அளக்காம எறக்கக் கூடாதுன்னு. அதை யாராவது சொல்லியிருந்தா அந்தப் பையன எறக்கியிருக்க மாட்டாருங்க."

கைப்பேசித் திரை அணைந்திருந்தது. மறுபடி தட்டினேன்.

"அப்பறம்?" என்றாள், பேனாவைச் சரியாகப் பிடித்துக்கொண்டு.

அடுத்த வரியைப் படித்தேன்.